ஆய்வுக்கு எந்தத் தலைப்பை எடுப்பது? வேலூர் வட்டார மாணவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

டிசம்பர் கடைசி வாரம் வந்தால் எங்கள் துறை அறை வாசலில் மாணவர்கள் துண்டுத் தாளோடு வரிசையாக நிற்பார்கள். தாளில் ஒரே ஒரு வரி இருக்கும். "வேலூர் மாவட்டத்தில் பெண்கள் முன்னேற்றம்: ஓர் ஆய்வு." அடுத்தவர் தாளில் "பாலாற்று மாசு: ஓர் ஆய்வு." அதற்கும் அடுத்தவர் "வேலூர் சுற்றுலா வளர்ச்சி: ஓர் ஆய்வு." பிப்ரவரி பாதியில் அதே பிள்ளைகள் திரும்ப வந்து, "எங்க ஆரம்பிக்கறதுன்னே தெரியல சார்" என்பார்கள்.

நான் பொருளாதாரம் சொல்லிக் கொடுக்கிறவன். கடைசி செமஸ்டர் புராஜெக்ட்டுக்குப் பல வருடங்களாகக் கைடாக இருக்கிறேன். சோம்பலால் கெட்ட கட்டுரைகளை விடத் தலைப்பால் கெட்ட கட்டுரைகளைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். உழைக்கத் தயாராக இருக்கும் பிள்ளை, தவறான தலைப்பில் மாட்டிக்கொண்டு, கடைசியில் இணையத்திலிருந்து நாலு பத்தியை எடுத்து ஒட்டிவிட்டுப் போவதைப் பார்க்க வருத்தமாக இருக்கும். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

தலைப்பு என்பது ஒரு கேள்வி. அந்தக் கேள்விக்கு "இல்லை" என்றும் விடை வர இடம் இருக்க வேண்டும். விடையைச் சொல்லும் ஆதாரம், நீங்கள் காலையில் பஸ் ஏறிப் போய் மாலைக்குள் வீடு திரும்பும் தூரத்தில் இருக்க வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த இரண்டையும் சோதித்துப் பார்க்கத்தான். "பெண்கள் முன்னேற்றம்: ஓர் ஆய்வு" என்பதில் கேள்வியே இல்லை. என்ன எழுதினாலும் அது சரியாகிவிடும், எதை விட்டாலும் குறையாகிவிடும்.

முதல் படி: நாட்களை எண்ணுங்கள்

தலைப்பை யோசிக்கும் முன் காலண்டரை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரி முதல் வாரம் தொடங்கி மார்ச் கடைசியில் பைண்டிங் என்று வைத்தால் 12 வாரம். பொங்கலோடு ஒரு வாரம் போகும். இன்டர்னல் தேர்வுகளுக்கு இரண்டு வாரம். எழுத, டைப் செய்ய, திருத்த, கைடிடம் கையெழுத்து வாங்க, பைண்டிங் கடையில் காத்திருக்க என்று மூன்று வாரம் குறையாமல் பிடிக்கும். மிச்சம் ஆறு வாரம். வகுப்பு நாட்களில் வெளியே போக முடியாது. ஆக, ஆறு சனிக்கிழமை, ஆறு ஞாயிற்றுக்கிழமை. மொத்தம் 12 நாள்.

12 நாளில் ஒரு மாவட்டத்தைப் படிக்க முடியாது. ஒரு தெருவைப் படிக்கலாம், ஒரு சந்தையைப் படிக்கலாம், ஒரு ஊரில் 40 வீடுகளைப் பார்க்கலாம், ஒரு தீர்ப்பை வரி வரியாக வாசிக்கலாம். சின்னதாக எடுத்தால் மார்க் குறையுமோ என்று பயப்படுகிறார்கள். வைவாவுக்கு, அதாவது வாய்மொழித் தேர்வுக்கு, வருகிற வெளித்தேர்வாளர் முதலில் கேட்பது "இதை எப்படித் தெரிந்துகொண்டீர்கள்?" என்றுதான். சின்னத் தலைப்பு எடுத்தவருக்கு அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கும்.

இரண்டாம் படி: உங்கள் பஸ் ரூட்டிலிருந்து தொடங்குங்கள்

பழைய புராஜெக்ட்டுகளின் பட்டியலைப் புரட்டித் தலைப்பு தேடுவதை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். அந்த ஒரு வாரம் சின்ன நோட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, வீட்டிலிருந்து கல்லூரி வரை வரும் வழியில் "இது ஏன் இப்படி?" என்று தோன்றுகிற எதையும் எழுதி வையுங்கள். ஆம்பூரிலிருந்து வருகிறவர்கள், விடியற்காலையில் ஷூ கம்பெனி வேன்களுக்காக ஊர் முனையில் நிற்கும் பெண்களைத் தினமும் பார்க்கிறீர்கள். அவர்களில் திருமணமானவர்கள் எத்தனை பேர், குழந்தையை யாரிடம் விட்டுவிட்டு வருகிறார்கள்? குடியாத்தத்திலிருந்து வருகிறவர்களுக்குக் கைத்தறி லுங்கி இருக்கிறது. காட்பாடிப் பக்கமிருந்து வருகிறவர்கள் தினமும் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டுகிறார்கள். 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு ஓடிய ஆறு, வருடத்தில் பெரும்பகுதி மணலும் முள்செடியுமாகக் கிடக்கிறது. அந்த வெள்ளத்துக்குப் பிறகு கரையோரக் கிணறுகளில் தண்ணீர் எத்தனை மாதம் நின்றது என்று கிணற்றுக்காரர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

ஒரு மாணவியைப் பற்றிச் சொல்கிறேன். பேரணாம்பட்டுப் பக்கம் வீடு. சுயஉதவிக் குழுக்களால் பெண்களுக்கு அதிகாரம் என்று மாநில அளவில் ஒரு தலைப்போடு வந்தார். வீட்டில் என்ன தொழில் என்று கேட்டேன். அம்மா பீடி சுற்றுகிறார் என்று தயங்கித்தான் சொன்னார். அம்மாவுக்கு ஆயிரம் பீடிக்கு எவ்வளவு கூலி என்று கேட்டதும் கடகடவென்று பேச ஆரம்பித்துவிட்டார். ஏஜென்ட் இலையையும் தூளையும் எடை போட்டுத் தருவார். இலையில் ஓட்டையும் கிழிசலும் கழிந்துபோனால் ஆயிரம் வராது, குறைகிற இலையை அம்மா சொந்தக் காசில் வாங்குவார். சுற்றிக் கொடுத்ததில் "சரியில்லை" என்று ஒதுக்குவதற்குக் காசு கிடையாது. எல்லாம் ஒரு சின்ன நோட்டில் இருக்கிறது என்றார்.

மறுநாள் அந்த நோட்டைக் கொண்டு வந்தார். நீள நோட்டு, ஓரமெல்லாம் தூள் படிந்து பழுப்பாகியிருந்தது. ஒவ்வொரு வரியிலும் தேதி, கொடுத்த இலையின் எடை, வாங்கிய பீடிக் கணக்கு, கழிவு. இதைப்போல அந்தத் தெருவில் இன்னும் முப்பது வீடுகளில் நோட்டு இருந்தது. "ஆயிரம் பீடிக்கு என்று சொல்லும் கூலியில், கழிவும் இலை வாங்கும் செலவும் போக ஒரு தொழிலாளியின் கைக்கு எவ்வளவு வருகிறது?" இதுதான் அவருடைய கேள்வி ஆனது. எந்த நூலகத்திலும் இல்லாத ஆதாரம் அவர் வீட்டு அலமாரியில் இருந்தது. வீட்டுத் தொழிலைச் சொல்லக் கூச்சப்பட்டு அதை மறைக்கும் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். தயவுசெய்து மறைக்காதீர்கள். ஆய்வில் அது உங்களுக்கு மட்டும் திறக்கிற கதவு.

மூன்றாம் படி: கண்ணில் பட்டதைக் கேள்வியாக்குங்கள்

நோட்டில் பத்து விஷயம் சேர்ந்துவிட்டது. சரி, அதில் ஒன்றைக் கேள்வியாக்குவது எப்படி? ஒரு உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம்.

"வேலூரில் மருத்துவச் சுற்றுலா" என்று ஒருவர் வருகிறார். 1900இல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனை இன்று சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) ஆக நிற்கிறது. மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், பங்களாதேஷ் என்று எங்கிருந்தெல்லாமோ நோயாளிகள் வருகிறார்கள். இதெல்லாம் ஊரறிந்த செய்தி, இதில் கேள்வி இல்லை. "உங்கள் கண்ணால் எதைப் பார்த்தீர்கள்?" என்று கேட்டால், "காந்தி ரோட்டில் வங்காள எழுத்தில் போர்டு வைத்திருக்கிறார்கள் சார்" என்கிறார். இப்போது கையில் ஒரு பொருள் வந்துவிட்டது.

அதைச் சுற்றிக் கேள்விகளை அடுக்குங்கள். எந்த மாதிரிக் கடைகளில் வங்காள எழுத்து இருக்கிறது? லாட்ஜிலா, மெஸ்ஸிலா, மருந்துக் கடையிலா, டிக்கெட் புக்கிங் கடையிலா? அச்சடித்த பெரிய போர்டா, கையால் எழுதி ஒட்டிய தாளா? எழுதியது யார், உள்ளூர்க்காரரா, அங்கிருந்து வந்து கடை வைத்தவரா? கடைப் பெயர்ப் பலகையில் தமிழ் முதலிடத்தில் இருக்க வேண்டும் என்று அரசு விதி இருக்கிறது. இங்கே அப்படி இருக்கிறதா?

கடைசிக் கேள்வியைப் பாருங்கள். "இருக்கிறது" என்றும் விடை வரலாம், "இல்லை" என்றும் வரலாம். சாலையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து எண்ணிவிட்டால் தெரிந்துவிடும். மருத்துவமனைக்குள் காலை வைக்க வேண்டியதில்லை, நோயாளி யாரையும் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. இரண்டு சனிக்கிழமை போதும். போட்டோ எடுத்து, கடையின் வகை, மொழிகள், எது மேலே, எது பெரிய எழுத்து என்று ஒரு அட்டவணையில் போட்டுக்கொண்டே போகலாம். அதற்குப் பிறகு ஒரு பத்துக் கடைக்காரர்களிடம் உட்கார்ந்து பேசினால் கட்டுரைக்கு உயிர் வந்துவிடும். தமிழ் இலக்கியம், சமூகவியல், வணிகவியல் என்று எந்தத் துறை மாணவரும் தன் பாடத்துக்குத் தக்கபடி இதைத் திருப்பிக்கொள்ளலாம்.

அகலமான பொருளைச் சுருக்க நான் கேட்கச் சொல்வது நாலே கேள்விதான்: எந்த இடம்? யார்? எந்தக் காலம்? எதை எண்ணுவீர்கள், அல்லது எதை வாசிப்பீர்கள்? நாலாவது கேள்விக்குப் பதில் இல்லாமல் நின்றால் அந்தப் பொருளை அப்படியே விட்டுவிட்டு நோட்டில் அடுத்ததற்குப் போங்கள்.

நான்காம் படி: முன்னால் யார் நடந்திருக்கிறார்கள்?

இதற்கு மூன்று நாள் ஒதுக்கினால் போதும். மூன்று மாதம் இதிலேயே கழிப்பவர்களும் உண்டு.

முதலில் உங்கள் கல்லூரி நூலகத்தில் பழைய புராஜெக்ட் அடுக்கு. அடுத்து ஷோத்கங்கா. இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகள் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. அப்புறம் கூகுள் ஸ்காலர். தமிழில் பழைய நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். தேடும்போது தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டிப் பாருங்கள். "வேலூர்" என்று மட்டும் தேடினால் பாதிதான் வரும், நம் மாவட்டத்தின் பழைய பெயரான "வட ஆற்காடு" என்றும் தேட வேண்டும். 1990க்கு முன்பு எழுதியவர்கள் அந்தப் பெயரில்தான் எழுதியிருக்கிறார்கள். 1970களில் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சேர்ந்து பசுமைப் புரட்சி நெல் ரகங்கள் என்ன செய்தன என்று ஆராய்ந்தது நம் வட ஆற்காட்டுக் கிராமங்களில்தான். உலகமெங்கும் பொருளாதார மாணவர்கள் வாசிக்கிற ஆய்வு அது. அப்படி ஒரு கிராமம் உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருந்தால், அன்று கேட்ட கேள்விகளில் ஒன்றை மட்டும் எடுத்து இன்று மறுபடி கேட்கலாம். அதுவே அருமையான தலைப்பு.

ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்ட பொருளைத் தொடக் கூடாது என்றில்லை. தோல் தொழிற்சாலைக் கழிவைப் பற்றி எத்தனையோ ஆய்வுகள் வந்துவிட்டன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, மாசுபடுத்துபவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கோட்பாட்டையும், கேடு வரும் முன்பே தடுக்க வேண்டும் என்ற கோட்பாட்டையும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று சொன்னது. சட்டம் படிக்கிற எல்லோருக்கும் அது பாடம். அதனால் "பாலாற்று மாசு" என்று இன்னொரு முறை எழுதுவதில் பயனில்லை. ஆனால் உங்கள் ஊரில் இன்று எந்தக் கிணற்று நீரை எதற்குப் பயன்படுத்துகிறார்கள், எந்த வீடு கேன் தண்ணீருக்கு மாதம் எவ்வளவு செலவழிக்கிறது என்பது உங்கள் ஊர்க்காரர் எழுதினால்தான் உண்டு.

வேதியியல் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடையில் விற்கும் டி.டி.எஸ். பேனாவை வாங்கி நீரில் விட்டு, எண் அதிகமாக வந்தால், தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் இருக்கிறது என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. அந்தப் பேனா நீரின் மின்கடத்தும் திறனை அளந்து, கரைந்த உப்புகள் மொத்தம் எவ்வளவு இருக்கும் என்று மதிப்பிடுகிறது. எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது. குடிநீருக்கான இந்தியத் தரத்தில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் இல்லாத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம். குரோமியத்துக்கு வரம்பு வெறும் 0.05 மில்லிகிராம். அவ்வளவு நுட்பமான அளவுக்கு ஆய்வகக் கருவி வேண்டும். உங்கள் கல்லூரியில் அந்தக் கருவி இல்லையென்றால், வெளியில் சோதிக்கப் பணமும் இல்லையென்றால், குரோமியத்தை விட்டுவிட்டு உப்பை மட்டும் ஆராயுங்கள். "மழைக்கு முன்னும் பின்னும் பத்துக் கிணறுகளில் கரைந்த உப்பின் அளவு" என்பது யாராலும் மறுக்க முடியாத நேர்மையான வேலை.

ஐந்தாம் படி: எந்த வட ஆற்காடு, எந்த வேலூர்?

இதைப் பற்றி நீளமாக எழுதப் போகிறேன். நானே இதில் விழுந்தவன்.

எம்.ஃபில். படிக்கும்போது கிணற்றுப் பாசனம் என் தலைப்பு. வட ஆற்காட்டில் 1980களின் தொடக்கத்தில் கிணற்றுப் பாசனப் பரப்பு எவ்வளவு, 1990களின் தொடக்கத்தில் எவ்வளவு என்று புள்ளிவிவரக் கையேடுகளிலிருந்து எடுத்து அட்டவணை போட்டேன். பரப்பு பெருமளவு சரிந்திருந்தது. நிலத்தடி நீர் வற்றியதுதான் காரணம் என்று ஒரு முழு அத்தியாயம் எழுதினேன். கைடும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். வைவாவில் வெளித்தேர்வாளர் அட்டவணையின் மேல் விரலை வைத்து, "இந்தப் பத்து வருடத்துக்குள் மாவட்டமே இரண்டாகப் பிரிந்ததே தம்பி, திருவண்ணாமலையைக் கணக்கில் எடுத்தீர்களா?" என்று கேட்டார். எடுக்கவில்லை. 1989இல் வட ஆற்காட்டிலிருந்து திருவண்ணாமலை தனி மாவட்டமாகப் போனது எனக்குத் தெரியாத செய்தி இல்லை. எண்களைப் பார்த்தபோது அது நினைவுக்கு வரவில்லை. அந்த அத்தியாயத்தை முழுக்கத் திரும்ப எழுதினேன். அந்தப் பெரியவரின் குரலில் கோபமே இல்லை. இன்று மாணவர்களின் அட்டவணையைப் பார்க்கும்போதெல்லாம் அவர் விரல் என் கண் முன் வருகிறது.

இந்தக் குழி இப்போது இன்னும் ஆழமாகியிருக்கிறது. 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் எல்லாம் ராணிப்பேட்டை மாவட்டத்தில். ஆம்பூர், வாணியம்பாடி, நாட்றம்பள்ளி எல்லாம் திருப்பத்தூர் மாவட்டத்தில். வேலூர், காட்பாடி, அணைக்கட்டு, குடியாத்தம், பேரணாம்பட்டு, கே.வி.குப்பம் ஆகிய ஆறு தாலுகாக்கள்தான் இன்றைய வேலூர் மாவட்டம். ஆனால் நம் கையில் முழுமையாக இருக்கும் மக்கள்தொகைக் கணக்கு 2011இல் எடுத்தது. அதில் வேலூர் மாவட்டத்துக்கு 39 லட்சத்துக்கும் மேல் என்று இருப்பது மூன்று மாவட்டமும் சேர்ந்த பழைய வேலூர். அந்த எண்ணை இன்றைய மாவட்டப் புள்ளிவிவரத்தின் பக்கத்தில் வைத்தால் என் அத்தியாயத்துக்கு நேர்ந்ததுதான் உங்களுக்கும் நேரும்.

"வேலூர் மாவட்டத் தோல் தொழில்" என்று இன்றைக்குத் தலைப்பு வைத்தால் ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் மேல்விஷாரமும் வெளியே நிற்கும். பேரணாம்பட்டை வைத்துக்கொண்டு மொத்தத் தொழிலையும் எழுத முடியாது.

இன்னும் பின்னால் போகிறவர்களுக்கு வேறு சிக்கல். 1911இல் சித்தூர் தனி மாவட்டம் ஆகும்வரை வட ஆற்காட்டின் தலைநகரம் சித்தூர்தான். 1881இல் காக்ஸ் தொகுத்த வட ஆற்காடு மாவட்டக் கையேட்டில் இன்றைக்கு ஆந்திராவில் இருக்கும் ஊர்களும் சேர்த்தி. அந்தக் கையேடு ஒரு பொக்கிஷம், கட்டாயம் வாசியுங்கள். அதில் உள்ள மொத்த எண்களை எடுத்து இன்றைய எண்ணோடு ஒப்பிடுவதை மட்டும் செய்யாதீர்கள்.

தப்பிக்க வழி எளிது. மாவட்டத்தை அலகாக எடுக்காதீர்கள். தாலுகாவை எடுங்கள், அதைவிடக் கிராமத்தை எடுங்கள். தாலுகா எல்லையும் மாறியிருக்கலாம், கிராமப் பெயர் அவ்வளவு சுலபத்தில் மாறாது. கட்டுரையின் முதல் அத்தியாயத்திலேயே "இக்கட்டுரையில் வேலூர் மாவட்டம் என்பது 2019க்குப் பிந்தைய ஆறு தாலுகாக்களைக் குறிக்கும்" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். அந்த ஒரு வரியைப் பார்த்தாலே தேர்வாளருக்கு உங்கள் மேல் நம்பிக்கை வரும்.

ஆறாம் படி: கதவு திறக்குமா?

நோயாளிகளிடம் கேள்விக்கொத்து கொடுக்கிற தலைப்பு என்றால் மருத்துவமனையின் நெறிமுறைக் குழு அனுமதி வேண்டும். செமஸ்டருக்குள் அது கிடைக்கும் என்று நம்பி இறங்காதீர்கள். அரசுப் பள்ளி மாணவர்களைப் பற்றியது என்றால் முதன்மைக் கல்வி அலுவலரிடம் அனுமதிக் கடிதம் வாங்க வேண்டும். தொழிற்சாலைக்குள் விடுவார்களா என்பதை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். விடவில்லையென்றால் தொழிலாளர்களை அவர்கள் வீட்டில் சந்திக்கிற மாதிரிக் கேள்வியை மாற்றிக்கொள்ளுங்கள். பெயர் போட மாட்டேன் என்று முதலிலேயே சொல்லுங்கள், சொன்னபடி செய்யுங்கள். வேலை போகுமோ என்ற பயத்தோடு பேசுகிறவர்கள் அவர்கள்.

அரசு அலுவலகக் கோப்பு தேவையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும் என்பது விதி. ஜனவரி முதல் வாரத்தில் மனுப் போட்டால் பிப்ரவரியில் பதில் வரலாம். வராமல் போனாலும் கட்டுரை நிற்கும்படி திட்டமிடுங்கள். முன்பு ஒருமுறை ஓர் அலுவலகத்தின் பதிலுக்காக மட்டுமே காத்திருந்த மாணவர் ஒருவருக்கு மார்ச் கடைசி வரை ஒரு தாளும் வரவில்லை. சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போகிறவர்கள் துறைத்தலைவரின் கடிதத்தைக் கையோடு எடுத்துப் போங்கள், காட்பாடியில் காலை ரயில் பிடித்தால் போய்விட்டு இரவுக்குள் திரும்பிவிடலாம்.

ஏழாம் படி: ஒரு நாள் ஒத்திகை

தலைப்பைக் கைடிடம் சொல்லும் முன் ஒரே ஒரு நாள் களத்துக்குப் போய் வாருங்கள். இதைச் செய்பவர்கள் மிகக் குறைவு. எனக்குத் தெரிந்து இதைப்போலப் பயன் தரும் படி வேறில்லை.

இலவம்பாடி முள் கத்தரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குப் பிறகு விவசாயிக்கு விலை கூடியதா என்று கேட்க வேண்டும் என்று ஒரு மாணவர் வந்தார். கேள்வி எனக்குப் பிடித்திருந்தது, போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். விடியற்காலையில் நேதாஜி மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறார். அவர் பேசிய வியாபாரிகள் யாரும் முள் கத்தரிக்குத் தனி விலைப்பட்டியல் வைத்திருக்கவில்லை. பழைய விலை எவ்வளவு என்று யாராலும் உறுதியாகச் சொல்லவும் முடியவில்லை. ஒரு அம்மா மட்டும் கூடையிலிருந்து ஒரு காயை எடுத்து, காம்பைத் திருப்பி, அதில் இருக்கிற முள்ளை விரலால் தடவிக் காட்டி, "இது குத்தணும், குத்துனாதான் நம்ம ஊரு காய்" என்றாராம். பக்கத்துக் கூடையில் இருந்த காய் குத்தவில்லை. அதுவும் முள் கத்தரி என்றே விற்றுக்கொண்டிருந்தது.

மாணவர் திரும்பி வந்தபோது முதல் கேள்வி செத்துவிட்டது, வேறு கேள்வி பிறந்துவிட்டது. வாங்குகிறவர்கள் அசல் முள் கத்தரியை எதை வைத்து அடையாளம் காண்கிறார்கள்? குறியீடு கிடைத்தது அவர்களுக்குத் தெரியுமா? இதற்குப் பழைய விலைப்பட்டியல் தேவையில்லை, மார்க்கெட்டில் நின்று ஐம்பது பேரிடம் பேசினால் போதும். அந்த ஒரு நாளைப் பிப்ரவரியில் செலவழித்திருந்தால் அவருக்குத் தலைப்பை மாற்ற நேரம் இருந்திருக்காது.

ஒத்திகை நாளில் மூன்று விஷயத்தைப் பாருங்கள். ஆட்கள் பேசுகிறார்களா, நீங்கள் எதிர்பார்த்த ஆதாரம் உண்மையிலேயே இருக்கிறதா, ஒரு ஆளிடம் பேச எவ்வளவு நேரமாகிறது. ஒருவருக்கு அரை மணி நேரம் என்றால் ஒரு நாளில் பத்துப் பேருக்கு மேல் முடியாது. சாம்பிள் 200 என்று சினாப்சிஸில் (ஆய்வுச் சுருக்கத்தில்) எழுதிவிட்டு, பிறகு ஹாஸ்டலில் உட்கார்ந்து நிரப்பிய கேள்வித்தாள்களைப் பார்த்திருக்கிறேன். ஒரே கையெழுத்து, ஒரே பேனா. உண்மையான 30 பேர் போதும்.

வரலாறு, தமிழ் மாணவர்களுக்கு

உங்களுக்குக் களம் வேறு, படிகள் ஒன்றுதான். வேலூரில் வரலாறு படிப்பவர்களில் பாதிப் பேர் வேலூர்ப் புரட்சி நடந்த 1806 ஜூலை 10ஐ எடுக்கிறார்கள். புதிய தலைப்பாகை, நெற்றிக்குறியும் காதணியும் கூடாது என்ற உத்தரவு, கோட்டையில் வைக்கப்பட்டிருந்த திப்புவின் மகன்கள், ஆற்காட்டிலிருந்து குதிரைப் படையோடு வந்த ஆங்கிலேயத் தளபதி கில்லஸ்பி. இந்தக் கதையைத் திரும்பச் சொன்னால் அது கட்டுரை ஆகாது. கேள்வியை நகர்த்துங்கள். அந்தப் புரட்சியைப் பள்ளிப் பாடநூல்கள் பத்துப் பத்து வருடத்தில் எப்படி மாற்றிச் சொல்லியிருக்கின்றன? கோட்டைக்கு வெளியே இருக்கும் நினைவுத் தூணைப் பற்றி அதன் எதிரே கடை வைத்திருப்பவர்களுக்கு என்ன தெரியும்? பாடநூல்களை ஒரு வாரத்தில் சேர்த்துவிடலாம், தூண் எப்போதும் அங்கேயே இருக்கிறது.

ஊர்ப் பெயர்களை யாரும் அதிகம் தொடவில்லை என்பது எனக்கு ஆச்சரியம். காகிதப்பட்டறை என்று ஒரு இடத்துக்குப் பெயர். தோட்டப்பாளையம், சலவன்பேட்டை, சைதாப்பேட்டை, லாங் பஜார். இந்தப் பெயர்களுக்கு அங்கே வாழும் முதியவர்கள் என்ன காரணம் சொல்கிறார்கள், பழைய ஆவணங்கள் என்ன சொல்கின்றன, இரண்டும் ஒத்துப்போகின்றனவா? ஒரு பேட்டையை மட்டும் எடுத்தாலே ஒரு எம்.ஏ. கட்டுரை இருக்கிறது. அதேபோல, தமிழும் உருதுவும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்கும் ஊர்கள் இவை. ஆம்பூர் கடைவீதியில் பேரம் பேசும்போது எந்த மொழிச் சொற்கள் எங்கே நுழைகின்றன என்று காதைத் திறந்து வைத்துக் குறித்தாலே போதும்.

எட்டாம் படி: எழுதுவது, கைடிடம் போவது

இனித் தலைப்பை வார்த்தைகளில் போடலாம். "ஓர் ஆய்வு" என்ற வாலை வெட்டிவிடுங்கள். ஆய்வுக் கட்டுரை என்று அட்டையிலேயே இருக்கிறதே. எதைப் பற்றி, யார், எங்கே, எப்போது என்பது தெரிய வேண்டும். "பீடித் தொழிலாளர் நிலை: ஓர் ஆய்வு" என்பது "பேரணாம்பட்டில் ஒரு தெருவின் பீடித் தொழிலாளர்: சொன்ன கூலியும் கைக்கு வந்த கூலியும்" என்று மாறும்போது, எழுதப் போகிறவருக்கே வழி தெளிவாகிறது.

ஷோத்கங்காவில் இருக்கும் தலைப்பை எடுத்து மாவட்டப் பெயரை மட்டும் மாற்றுகிற பழக்கம் இருக்கிறது. தலைப்போடு சேர்ந்து உள்ளடக்கமும் வந்துவிடும், வந்தால் மென்பொருள் பிடித்துவிடும். ஆய்வேடுகளில் 10 சதவீதம் வரையிலான ஒற்றுமைக்குத்தான் தண்டனை இல்லை என்று யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிகள் சொல்கின்றன. ஏ.ஐ. கருவியிடம் தலைப்புக் கேட்பவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. அது கொடுக்கும் நூற்பட்டியலில் உலகத்தில் இல்லாத நூல்களும் வரும். ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்த பிறகே சேர்த்துக்கொள்ளுங்கள்.

கைடிடம் ஒரு தலைப்போடு போகாதீர்கள், இரண்டோடு போங்கள். ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கம்: கேள்வி என்ன, ஆதாரம் எங்கே, ஒத்திகை நாளில் என்ன பார்த்தேன், எத்தனை நாள் வேண்டும். "சார், இந்த ரெண்டுல எது முடியும்னு சொல்லுங்க" என்று கேட்டால் எந்த ஆசிரியருக்கும் பேச உற்சாகம் வரும். அவர் தன் பட்டியலிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்றால் வாதாட வேண்டாம். பட்டியலில் உங்கள் நோட்டுக்குப் பக்கத்தில் வருகிற ஒன்றை எடுத்து, "இதை எங்க ஊரு அளவுல சுருக்கிக்கலாமா மேடம்?" என்று கேளுங்கள். மறுப்பவர்கள் குறைவு.

ஜனவரி மூன்றாம் வாரத்துக்குப் பிறகு பொருளை மாற்றாதீர்கள். சிக்கல் வந்தால் இடத்தையோ ஆட்களின் எண்ணிக்கையையோ குறைத்துக்கொள்ளுங்கள். இன்னும் ஒன்று: துறையில் பதிவு செய்த தலைப்பு, சான்றிதழ்ப் பக்கத் தலைப்பு, அட்டைத் தலைப்பு மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். பைண்டிங் கடையில் கொடுக்கும் முன் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சத்தமாக வாசித்துப் பாருங்கள், கூட ஒரு நண்பரையும் வைத்துக்கொண்டு.